மூன்று பலகைகளும் முடியாத வழக்கும்: துக்கம் யாருடையது, தண்டனை யாருக்கு?

மார்ட்டின் மெக்டொனா எழுதி இயக்கி 2017இல் வெளிவந்த ‘த்ரீ பில்போர்ட்ஸ் அவுட்சைடு எப்பிங், மிசௌரி’ குற்றவியல் திரைப்படம் என்றே வகைப்படுத்தப்படுகிறது. ஆனால் குற்றவாளி யார் என்பதை இப்படம் இறுதிவரை சொல்வதில்லை. நீதி கிடைக்காத நிலையில் ஒரு தாயின் துக்கம் எந்த உருவம் எடுக்கிறது, அந்தத் துக்கத்தை அரசு நிறுவனம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இதன் பொருள். வன்கொடுமை வழக்குகளைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள் இப்படத்தைப் பார்ப்பதும் விவாதிப்பதும் பயனுடையது என நாம் கருதுகிறோம். இதன் வலிமையைப் போலவே இதன் குறைபாடும் நமக்குப் பாடமாகிறது.

கதைச் சுருக்கம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட சிற்றூர் எப்பிங். அங்கு மில்ட்ரெட் ஹேய்ஸின் மகள் ஏஞ்சலா பாலியல் வன்கொடுமைக்குள்ளாக்கப்பட்டு எரித்துக் கொல்லப்பட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. எவரும் கைது செய்யப்படவில்லை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடக்கும் மூன்று விளம்பரப் பலகைகளை மில்ட்ரெட் வாடகைக்கு எடுக்கிறார். மகள் எவ்வாறு இறந்தாள், ஏன் இன்னும் கைது இல்லை, இதற்குக் காவல்துறைத் தலைவர் வில்லபி என்ன பதில் சொல்கிறார் என்ற மூன்று செய்திகளைச் சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளில் எழுதி வைக்கிறார்.

ஊர் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. வில்லபி புற்றுநோயால் இறந்துகொண்டிருப்பவர், ஊரார் மதிக்கும் மனிதர். கிடைத்த மரபணு மாதிரி எவருடனும் பொருந்தவில்லை என்கிறார் அவர். ஊரிலுள்ள ஆண்கள் அனைவரின் மாதிரியையும் எடுங்கள் என்கிறார் மில்ட்ரெட். சட்டம் அதற்கு இடம் தராது என்பது வில்லபியின் பதில். அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு வன்முறை பெருகுகிறது. பலகைகள் எரிக்கப்படுகின்றன, காவல் நிலையத்தின் மீது தீக்குண்டு வீசப்படுகிறது. பணிநீக்கம் செய்யப்பட்ட காவலர் டிக்சன் தீயிலிருந்து ஏஞ்சலாவின் வழக்குக் கோப்பைக் காப்பாற்றுகிறார். பின்னர் அவர் சந்தேகிக்கும் ஒருவனின் மரபணுவும் பொருந்துவதில்லை. அவன் வேறொரு குற்றம் செய்தவன் என்று நம்பி, அவனைத் தேடி மில்ட்ரெட்டும் டிக்சனும் ஐடஹோவுக்குப் புறப்படுகிறார்கள். கொல்வதா வேண்டாமா என்று இருவரும் முடிவு செய்யாத நிலையில் படம் முடிகிறது.

மில்ட்ரெட்டாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டோர்மண்டும் டிக்சனாக நடித்த சாம் ராக்வெல்லும் 2018இல் ஆஸ்கர் விருது பெற்றனர். அமெரிக்காவின் தென்பகுதியில் பேருந்துப் பயணத்தின்போது கண்ட இத்தகைய பலகைகளே படத்திற்கு வித்திட்டன என்று மெக்டொனா கூறியுள்ளார்.

பலகை செய்யும் வேலை

மில்ட்ரெட் புதிய சாட்சியத்தையோ புதிய சந்தேக நபரையோ முன்வைக்கவில்லை. கோப்புக்குள் அடங்கிவிட்ட ஒரு மரணத்தைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவருவது மட்டுமே அவர் செய்தது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்வது காவல்துறைக்கு எளிது. ஒரு பெயரைக் குறிப்பிட்டு, ஏன் என்று கேட்கும்போதுதான் நிலுவை என்ற சொல்லுக்குப் பின்னால் பொறுப்புடைய ஒரு மனிதர் இருப்பது வெளிப்படுகிறது.

வில்லபியைக் கொடியவராகச் சித்திரிக்காதது படத்தின் நேர்மை. நல்லவராகவே இருந்தாலும் பதவியில் இருப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவருடைய நோய் மீது ஊர் கொள்ளும் இரக்கம், கொல்லப்பட்ட பெண் மீது கொள்ள வேண்டிய அக்கறையை எவ்வளவு எளிதாக மூடிவிடுகிறது என்பதையும் படம் காட்டுகிறது. கேள்வி கேட்பவரின் குணத்தை விசாரிக்கத் தொடங்கும் சமூகம், குற்றத்தை விசாரிப்பதை மறந்துவிடுகிறது.

கோபத்தின் விலையைச் செலுத்துபவர்கள்

இங்கேதான் படத்தை நாம் கூர்ந்து வாசிக்க வேண்டியுள்ளது. மில்ட்ரெட் வெள்ளையினப் பெண். அவர் காவல்துறையை எதிர்த்தபோது, முதலில் சிறைக்குச் சென்றவர் அவர் அல்லர். அவருடைய தோழியும் உடன் பணிபுரிபவருமான கறுப்பினப் பெண் டெனிஸ், கஞ்சா வைத்திருந்ததாகக் கைது செய்யப்படுகிறார். மில்ட்ரெட்டைப் பணிய வைப்பதற்கான வழி அது. ஒருவரின் கோபத்திற்கான தண்டனை, அதிகாரம் இன்னும் குறைந்த மற்றொருவர் மீது இறங்குகிறது. படம் இதைக் காட்டுகிறது, ஆனால் டெனிஸின் சிறைவாசத்திற்குள் ஒருமுறைகூட நுழைவதில்லை.

டிக்சன் காவலில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவரைச் சித்திரவதை செய்தவர் என்பது ஊரறிந்த செய்தியாகப் படத்தில் பேசப்படுகிறது. சித்திரவதைக்குள்ளானவர் திரையில் தோன்றுவதே இல்லை. பின்பகுதியில் டிக்சன் தீக்காயமடைகிறார், மனம் மாறுகிறார், பார்வையாளரின் பரிவைப் பெறுகிறார். அவர் மன்னிப்புக் கேட்பது, தன்னால் சன்னலிலிருந்து வீசப்பட்ட வெள்ளை இளைஞன் ரெட் வெல்பியிடம். காவலில் வதைபட்டவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. வெளியானபோது விமர்சகர் பலர் சுட்டிக்காட்டிய குறை இது. மனமாற்றம் சாத்தியமே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரை வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் மனமாற்றக் கதை, தவறு செய்தவரின் ஆறுதலாக மட்டுமே எஞ்சும்.

மிசௌரி என்ற களமும் தற்செயலானதாக வாசிக்கப்படவில்லை. அம்மாநிலத்தின் பெர்குசன் நகரில் 2014 ஆகஸ்ட் 9 அன்று 18 வயது மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மீது குற்றம் சாட்ட பெருநடுவர் குழு மறுத்தது. 2015இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, பெர்குசன் மக்கள்தொகையில் 67 விழுக்காடாக உள்ள கறுப்பினத்தவர், அந்நகரக் காவல்துறை செய்த கைதுகளில் 93 விழுக்காடாக இருந்தனர் என்று பதிவு செய்தது. இந்தப் பின்னணியை அறிந்த பார்வையாளருக்கு டிக்சனின் சித்திரவதை ஒரு துணைக்கதையாக இருக்க இயலாது.

திரையிலிருந்து தெருவுக்கு

2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் 72 பேர் இறந்தனர். தொழிலாளர்களும் புலம்பெயர்ந்தோரும் பெருமளவில் வாழ்ந்த கட்டடம் அது. 2018 பிப்ரவரியில் நீதி கோரிய இயக்கத்தினர், மூன்று வாகனங்களில் சிவப்புப் பலகைகளை ஏற்றி இலண்டன் தெருக்களில் வலம் வந்தனர். அன்றைய கணக்கின்படி 71 மரணங்கள், இன்னும் கைது இல்லையா, ஏன் என்று அவை கேட்டன. அதே மாதம் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், துப்பாக்கிக் கட்டுப்பாடு எங்கே என்று செனட்டர் மார்க்கோ ரூபியோவின் பெயரைக் குறிப்பிட்டு மயாமியில் இதே வடிவில் மூன்று வாகனங்கள் ஓடின.

படத்தில் ஒரு தாய் தனியே நடத்திய போராட்டம் இங்கே கூட்டு முயற்சியானது. மில்ட்ரெட்டுக்கு இறுதியில் எஞ்சியது ஒரு காரும் துப்பாக்கியும் ஐயத்திற்குரிய ஓர் இலக்கும் மட்டுமே. கிரென்ஃபெல் மக்களுக்கோ ஒருவருக்கொருவர் இருந்தனர். மாதந்தோறும் 14ஆம் நாளில் அவர்கள் மௌனமாக நடந்தனர், விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர், அதன் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவரும்வரை ஏழாண்டுகள் விடாது நின்றனர். துக்கம் தனிமைப்படும்போது பழிவாங்கலை நோக்கிச் செல்வதை மெக்டொனாவின் படம் உண்மையாகவே காட்டியுள்ளது. அத்துக்கத்தோடு ஓர் அமைப்பு துணை நின்றால் என்ன நிகழும் என்பதைப் படம் சொல்லவில்லை. முடியாத வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு நிற்பவர்கள் படத்தைப் பார்த்தபின் விவாதிக்க வேண்டிய கேள்வி அதுவே. டெனிஸுக்குப் பிணை எடுக்க யார் செல்வது என்ற கேள்வியையும் அதனுடன் சேர்த்தே பேச வேண்டும்.