நடுவழியாக இருந்த ஊர்

கடலோரப் பயணத்தின் கடைசி நாள் பெரும்பாலும் மூட்டை கட்டுவதிலேயே கழிந்துவிடும். இராமேசுவரத் தீவில் மூன்று இரவுகள் கூடாரமடித்துத் தங்கிய எங்களுக்கோ, அந்த நாள்தான் வரலாற்றின் ஏடொன்றைத் திறந்து காட்டிற்று.

தங்கச்சிமடத்தில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் எழுப்பியிருந்த கூடாரத்தைப் பொழுது புலர்ந்ததும் பிரித்தோம். பாய், சட்டி, அடுப்பு அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் திரும்புமுன் தனுஷ்கோடியைக் காணச் சென்றோம். 2017-ல் திறக்கப்பட்ட சாலை, இருபுறமும் கடல் சூழ, அரிச்சல்முனையில் போய் முடிகிறது. "இதோடு வழி முடிந்துவிட்டதா, அப்பா?" என்று பேரன் கேட்டான்.

இன்று அது முடிவுதான். ஆனால் ஐம்பது ஆண்டுக்காலம் தனுஷ்கோடி நடுவழியாக இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகளை இங்கே நீராவிக் கப்பல் ஏற்றிக்கொள்ளும். 22 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு. அதற்கு முன்னரோ தூத்துக்குடியிலிருந்து நெடிய கடற்பயணம் செய்ய வேண்டியிருந்தது.

கொழும்பில் கடை வைத்திருந்த நம் பாட்டன்மார் எத்தனை பேர் இவ்வழியே போய் வந்தனர்! எங்கள் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். பெருநாளுக்கு ஊர் திரும்புகையில், தனுஷ்கோடியில் கால் வைத்ததுமே வீட்டுத் திண்ணையில் அமர்ந்தது போலிருக்கும் என்பார். எல்லோர்க்கும் அவ்வழி இனித்ததில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்னரே கப்பலேறினர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் பேரலையும் ஊரை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்த இரயில் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு மூழ்கிற்று. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடியோ மீண்டும் எழவில்லை. தேவாலயச் சுவர்களும் இரயில் நிலையச் சிதைவுகளுமே எஞ்சின.

ஆயினும் வழி அன்று அடைபட்டுவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் மீண்டும் ஓடிற்று. 1980-களில் இலங்கையில் இனப்போர் மூண்ட பிறகே அது நின்றது. ஊரை அழித்தது புயல். வழியை அடைத்தது மனிதரின் பகை.

பிற்பகலில், 1988-ல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் வழியே தீவை விட்டு நீங்கினோம். அருகே 2025-ல் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலம் வெயிலில் மின்னிற்று. பாலம் கட்டுவதில் நாம் தேர்ந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருக்கையிலேயே மண்டபம் வந்தது. அன்று இலங்கைக்குப் போவோரைச் சோதித்த அதே முகாம்தான், போர்க்காலத்தில் அங்கிருந்து உயிர் தப்பி வந்தோர்க்குப் புகலிடமாயிற்று.

"அவர்களும் நம்மைப் போலக் கூடாரத்தில் தங்கினார்களா?" என்றான் பேரன். நாங்கள் விரும்பித் தங்கியது மூன்று இரவு. நான்காம் இரவில் எங்களுக்கென வீடு காத்திருந்தது. அவர்களுக்கோ திரும்பும் நாள் எதுவென்றே தெரியாது. அந்த வேறுபாட்டை அவனுக்குச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.