சவேரியார் நடந்த கரைவழியும் நமது மணப்பாடும்

முத்துக்குளித்துறையின் வரலாறு கடலில் மட்டும் எழுதப்பட்டதன்று. கரை மணலிலும் எழுதப்பட்டதாகும். சாலைகளும் வாகனங்களும் இல்லாத காலத்தில் தூத்துக்குடியிலிருந்து குமரிமுனை வரை ஊருக்கு ஊர் செல்ல இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று தோணி, மற்றொன்று கால்நடை. ஒருபுறம் அலைகடல், மறுபுறம் தேரி மணலும் பனங்காடும். இடையே நீளும் இவ்வழியில், கருமேனியாறு கடலோடு கலக்கும் இடத்தில், கடலை நோக்கி நீண்டு நிற்கும் மணற்குன்றே நமது ஊரின் அடையாளம். நெடுந்தொலைவு நடந்து வருவோர்க்கு அது, "தங்குமிடம் வந்துவிட்டது" என்று அறிவிக்கும் குறியாய் நின்றது.

1536-ஆம் ஆண்டையொட்டி நம் முன்னோர் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு மறைபோதிக்க அவர்கள் மொழி அறிந்த குருக்கள் இல்லை. இந்நிலையில் 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் கோவாவிலிருந்து மூன்று உள்நாட்டு மாணவர்களுடன் இக்கரைக்கு வந்தார். ஊர் ஊராக நடந்தார். கையில் மணியுடன் தெருக்களில் சிறுவரைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். நமது குன்றின் கடலோரக் குகையே அவர் தங்கிச் செபித்த இடம் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு.

இவ்வழியில் அவர் மேற்கொண்ட பயணங்களுள் நாம் என்றும் மறக்கலாகாதது 1544-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படை குமரிமுனைக் கிறிஸ்தவர்களைத் தாக்கியது. பலர் சிறைப்பட்டனர். தப்பியோர் கடற்பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். கொம்புத்துறையில் இச்செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டுக்கு விரைந்தார். நம் ஊரார் தந்த இருபது தோணிகளுடன் புறப்பட்டார். பிற ஊர்ப் பட்டங்கட்டிகளிடமும் உதவி திரட்டச் சொன்னார். ஆனால் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று அறிவுறுத்தினார்.

எதிர்க்காற்று தோணிகளை விடவில்லை. துடுப்புப் போட்டும், கயிறு கட்டி இழுத்தும் முனையை எட்ட இயலாமல் மணப்பாட்டுக்கே திரும்பினர். மனம் தளர்ந்தாரா அப்புனிதர்? இல்லை. கடல் மறுத்த வழியைத் தரையில் தேடினார். அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைத் தரைவழியே கடந்து, துன்புற்ற மக்களை நேரில் கண்டு ஆறுதலளித்தார். இவற்றையெல்லாம் அவரே தம் உடனுழைப்பாளர் மன்சிலாஸ் அடிகளாருக்குக் கடிதங்களில் எழுதியுள்ளார். அவற்றுள் பல மணப்பாட்டிலிருந்தே எழுதப்பட்டவை.

பங்கு மக்களே, இங்கு ஒன்றைச் சிந்தியுங்கள். அன்று நம் ஊரார் மீது எந்தப் படையும் பாயவில்லை. குமரிமுனையாரின் துயரம் தொலைவில் இருந்தது. எனினும், பிழைப்புக்கு வேண்டிய தோணிகளை இருபது வீட்டார் விட்டுக் கொடுத்தனர். அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறிக்கவில்லை. இறைவன் அறிவார்.

1581-இல் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் பெருவிழாவுக்குத் தொலைவூர்களிலிருந்து மக்கள் இன்றும் வருகின்றனர். பேருந்து வந்த பின்னும் நேர்ச்சைக்காக நடந்து வருவோர் உண்டு. அவர்கள் நம் வாசலில் கேட்பது ஒரு செம்பு தண்ணீரும், சற்றே அமர நிழலுமே.

யூபிலியை ஒளிவிளக்காலும் கொடிகளாலும் சிறப்பிப்பது நன்றே. ஆயினும் வழிப்போக்கனுக்குத் திறந்த கதவே இவ்வூரின் பழம்பெருமை. அக்கதவை நம் பிள்ளைகளும் அடைக்காதிருக்க, திருச்சிலுவை ஆண்டவர் அருள்புரிவாராக.