வெயிலின் ஸ்ருதி

எங்க பெரியப்பா பாண்டி பஜார்ல முப்பது வருஷம் பிளாட்பாரக் கடை போட்டவர். போன மாசம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். "அவ்ளோ வெயில்ல எப்படிப் பெரியப்பா நின்னீங்க?"ன்னு கேட்டேன். "சூடு பழகிடும்டா"ன்னார்.

சூடு பழகும். ஆனா கண்புரைக்கு ஒரு காரணமான புற ஊதாக் கதிர், அதாவது யூவி, சூடாவே தெரியாது. மேகம் போட்ட நாள்லயும் வரும். சென்னைக் கோடை மதியத்துல யூவி குறியீடு 11-ஐத் தாண்டுறது சகஜம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. கண்ணும் தோலும் சொல்லாத இந்த ஒளியை ஒலியாக மாற்றிப் பிடித்த கதைதான் இன்னைக்கு.

முதல்ல மயிலாப்பூர் சபா ஒண்ணுக்குப் போவோம். கச்சேரிக்கு முன்னாடி மிருதங்கத்தோட தொப்பியில ரவையைப் பிசைஞ்சு அப்புவாங்க. பரப்புல பாரம் ஏறினா அதிர்வு மெதுவாகும், ஸ்ருதி இறங்கும். வலந்தலையில இருக்கிற கறுப்புச் சாதம் அந்த நாதத்தை எப்படி ஒழுங்குபடுத்துதுன்னு 1920-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினவர், நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சி.வி. ராமன். மேலே என்ன பூசியிருக்குன்னு ஒலியே சொல்லிடும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

1885-ல ரேலி பிரபு ஒரு கணக்குப் போட்டார். திடப்பொருளின் மேற்பரப்பை மட்டும் ஒட்டியே ஓடும் ஓர் அலை உண்டு என்றார். அப்போ அவர் மனசுல இருந்தது பூகம்பம். எண்பது வருஷம் கழிச்சு, 1965-ல, பெர்க்லியில் ஒயிட், வோல்ட்மர் இருவரும் அந்த அலையைச் சின்னப் படிகத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. ரெண்டு சீப்பைப் பல்லோட பல் கோத்த மாதிரி உலோகக் கோடுகள். மின்சாரம் கொடுத்தா படிகம் நெளியும். நம்ம வீட்டு கேஸ் லைட்டர்ல நடக்கிறதோட தலைகீழ் வேலை! உங்க செல்போன்ல சிக்னலைப் பிரிச்சுக் கொடுக்கிற ஃபில்டர்கள்ல பலதும் இந்த வகைதான்.

2003-ல டெல்லி பல்கலைக்கழகத்தில் பர்மானந்த் சர்மா, கே. ஸ்ரீநிவாஸ் இருவரும் அப்படியொரு 37 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் மேல துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமா பூசினாங்க. கேலமைன் லோஷன்ல இருக்கிற அதே வெள்ளைப் பொருள். யூவி பட்டதும் அதுல எலெக்ட்ரான்கள் விடுபடும். அலையோட கூடவே ஒரு மின்புலமும் ஓடுதில்லையா, அதை இவை மறிக்கும். அலை மெதுவாகும், அதிர்வெண் இறங்கும். எவ்வளவு இறங்குதோ, அவ்வளவு யூவி. தொப்பியில் ரவை செய்கிற வேலையை இங்கே வெளிச்சமே செய்கிறது!

யூவி அளக்க போட்டோடயோடு ஏற்கெனவே இருக்கே, இது எதுக்கு? இந்த வகை சென்சாருக்கு பேட்டரிகூட வேண்டாம். தூரத்துல இருந்து ரேடியோ அலை அனுப்பினா, எதிரொலியிலயே பதில் வந்துடும். பனகல் பார்க் சிக்னல்ல நிக்கிற டிராஃபிக் போலீஸ் தொப்பியில, டெலிவரி தம்பியோட ஹெல்மெட்ல ஒட்டிவிடலாம். ஆனா எச்சரிக்கை வந்தா மட்டும் போதுமா? நிழலுக்கு ஒதுங்க அவங்களுக்கு நேரமும் இடமும் வேணும். அதை எந்தப் படிகமும் கொடுக்காது, நாமதான் கொடுக்கணும்.

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்பவே ஒரு குடை வாங்கியிருக்கலாம்"னு சிரிச்சார். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.