தாய்நாய் எங்கே?

நாய்க்குட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்குவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இதன் தாய் எங்கே?" என்பதாகும். எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு இங்கிலாந்திலே சட்டத்தின் வலிமை கிடைப்பதற்கு நெடுங்காலம் சென்றது.

முற்காலத்திலே நாய்கள் தொழிலுக்காகவே பெரும்பாலும் வளர்க்கப்பட்டன. மந்தையை மறிக்கவும், வேட்டையைத் தொடரவும், வீட்டைக் காக்கவும் வல்லது எதுவோ அதுவே நல்ல நாய் எனப்பட்டது. 1859 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூகாசில் நகரிலே நாய்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பொயின்டர், செற்றர் என்னும் இருவகை வேட்டை நாய்களே அங்குக் கொண்டுவரப்பட்டன. இத்தகைய கண்காட்சிகள் பெருகப் பெருக, வேலைத்திறனிலும் பார்க்கத் தோற்றமே பரிசுக்கு உரியதாயிற்று.

1873 இல் கெனல் கிளப் என்னும் சங்கம் இலண்டனிலே தோன்றியது. அடுத்த ஆண்டில் அது தனது முதலாவது வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டது. இன்ன நாய் இன்ன தாய்தந்தையர்க்குப் பிறந்தது என்பதை ஐயமின்றி அறிவதற்கு அப்பதிவேடு உதவியது. எனினும், நன்மையோடு தீமையும் உடன்வந்தது. ஓரினத்துள்ளேயே மீண்டும் மீண்டும் இணைசேர்த்தனர். பரிசுபெற்ற நாயின் குட்டிகளையே பலரும் நாடினர். நெருங்கிய உறவுள்ள இரு நாய்கள் ஒரே குறையை மறைவாகத் தாங்கியிருப்பின், அக்குறை குட்டியிடத்தே வெளிப்படக்கூடும். பதிவேடு குலத்தைச் சொல்லிற்று, உடல்நலத்தைச் சொல்லவில்லை.

2008 ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சி இந்நிலையை மக்களுக்குக் காட்டியது. மூளைக்குப் போதிய இடமில்லாத மண்டையோட்டினால் கவலியர் இன நாய்கள் வேதனையுறுவதைக் கண்டோர் திடுக்குற்றனர். 2009 இல் தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதைக் கெனல் கிளப் நிறுத்தியது. கேம்பிரிட்ஜ் விலங்கியலறிஞர் சேர் பற்றிக் பேற்சன் 2010 இல் வெளியிட்ட அறிக்கை, நெருங்கிய உறவில் இணைசேர்ப்பதோடு, இலாபமே குறியாகக் குட்டிகளைப் பெருக்கும் பண்ணைகளையும் கண்டித்தது.

அப்பண்ணைகளைக் கட்டுப்படுத்த முன்னரே சட்டங்கள் எழுந்திருந்தன. 1973 ஆம் ஆண்டுச் சட்டம் நாய் வளர்த்து விற்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதிப்பத்திரம் பெற்றோர் ஒரு வயது நிரம்பாத பெண்நாயை இணைசேர்க்கலாகாது என்றும், அதன் வாழ்நாளில் ஆறு முறைக்கு மேல் குட்டியீனச் செய்யலாகாது என்றும் விதித்தது. ஆயினும், குட்டி கடையிலே கண்ணைக் கவர்ந்து நின்றது. தாயோ எவர் கண்ணுக்கும் படாத கூண்டிலே கிடந்தது. காணாத துன்பத்துக்கு இரங்குவார் யார்?

2013 இல் வேல்சுப் பண்ணை ஒன்றிலிருந்து லூசி என்னும் கவலியர் நாய் மீட்கப்பட்டது. கூண்டிலே அடைபட்டு ஓயாது ஈன்றமையால் அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. 2016 இல் அது இறந்தது. மிருகவைத்தியர் மார்க் ஏபிரகாமும் பிறரும் நடத்திய இயக்கத்தின் பயனாக, 2020 ஏப்பிரல் 6 ஆந் தேதி 'லூசி சட்டம்' இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகரோ கடைக்காரரோ விற்றல் அன்றோடு ஒழிந்தது. வாங்குவோர் வளர்ப்பவரிடமே நேரிற் செல்லல்வேண்டும். அன்றேல் காப்பகத்திலிருந்து பெறல்வேண்டும்.

இவ்வரலாறு எந்நாட்டவர்க்கும் பயன்படுவதே. நேர்மையான வளர்ப்பாளர் தாயையும் பிறந்த இடத்தையும் தயங்காது காட்டுவார். பெற்றோரின் உடற்பரிசோதனைச் சான்றுகளைத் தருவார். எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கமாட்டார். வாங்க வந்தவரின் வீட்டையும் வசதியையும் பற்றித் தாமே கேள்வி கேட்பார். நடுத்தெருவிற் கைமாற்ற முற்படுவோரிடமும், தாய் வேறிடத்தில் உள்ளது என்போரிடமும் வாங்காது திரும்புதலே அறம். இரக்கத்தால் அவரிடம் ஒரு குட்டியை வாங்கினால், அடுத்த ஈற்றுக்கு அத்தாயை மீண்டும் கூண்டில் அடைப்பதற்கு அப்பணமே முதலாகும்.