சும்மா பார்க்கத்தான் வந்தோம்: ஸ்பென்சர் கடையின் இரண்டு சாவுகள்

இன்னைக்கு ஒரு கடையைப் பத்திப் பேசப் போறோம். சென்னையில இருந்த கடை. ஆனா கதையை ஓசூர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா நான் ஓசூர்க்காரி. எங்களுக்குப் பெரிய ஊர்னா அது சென்னை இல்லை, பெங்களூர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினா கர்நாடகா. தீபாவளித் துணியோ ஸ்கூல் பையோ, கொஞ்சம் 'நல்லதா' வேணும்னா பஸ் ஏறி எல்லையைத் தாண்டிடுவோம்.

எங்க அம்மாவும் அப்படித்தான் ஒருநாள் பஸ் ஏறினாங்க. 1980களோட கடைசி. அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலை. தருமபுரி பக்கத்துக் கிராமத்துல இருந்து வந்து, ஓசூர்ல ஒரு வாட்ச் ஃபேக்டரியில வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. ஒரு கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு, ட்வீசரால முள்ளை எடுத்து டயல்ல பொருத்துற வேலை. நாள் முழுக்க அதே வேலை. முதல் போனஸ் வந்ததும் தோழிங்க ரெண்டு பேரோட பெங்களூர் போனாங்க. பல கம்பெனி வாட்சும் விக்கிற ஒரு கடைக்குள்ள நுழைஞ்சாங்க. தாங்க செஞ்ச வாட்ச் கடையில எப்படி இருக்குன்னு பார்க்க ஆசை.

கவுன்ட்டர்ல இருந்தவர் கன்னடத்துல கேட்டாராம், வாங்கப் போறீங்களா, சும்மா பார்க்கவா?

"சும்மா பார்க்கத்தான்"னு அம்மா உண்மையைச் சொல்லிட்டாங்க. அவர் வாட்சை வெளியில எடுக்கவே இல்லை.

இந்தக் கதையை அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. ஆனா முப்பது வருஷமா சொல்றாங்க. ஸ்பென்சர் கடையோட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வருது. வாங்கப் போறீங்களா, சும்மா பார்க்கவா?

சரி, இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

உலகத்தில் 'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்ற விஷயம் எங்கே பிறந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பாரிஸைத்தான் கைகாட்டுவார்கள். 1852-ல் அரிஸ்டீட் பூசிகோ என்பவர் 'லு போன் மார்ஷே' என்ற கடையில் பங்குதாரராகச் சேருகிறார். அவர் அங்கே கொண்டுவந்த பழக்கங்கள் இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். பொருளுக்கு ஒரே விலை, பேரம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பார்க்கலாம், ஒன்றும் வாங்காமல் வெளியே போகலாம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நம்ம ஊர் ஜவுளிக்கடையை நினைத்துப் பார்த்தால் புரியும். பாய் விரிச்சு உட்கார வைப்பாங்க. காபி, கலர் வரும். பத்துப் புடவையை மடிப்பு கலைச்சு விரிச்சுப் போடுவாங்க. அதுக்கப்புறம் வாங்காம எழுந்தா, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பு. அந்தக் கடையில் மரியாதை உண்டு, உறவுகூட உண்டு. ஆனால் சும்மா பார்ப்பதற்கு அங்கே இடமில்லை.

பாரிஸில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1863-64 வாக்கில், மதராஸ் மவுண்ட் ரோட்டில் சார்லஸ் டியூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு பேர் ஒரு கடையைத் தொடங்குகிறார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெயர் ஸ்பென்சருடையதாக நிலைத்தாலும், கடையை வளர்த்தவர் பின்னால் வந்த யூஜின் ஓக்‌ஷாட். 1891-ல் இவர் பக்கத்திலிருந்த கன்னிமாரா ஹோட்டலை வாங்குகிறார். அதை ஒட்டிய இடத்தில், 1895-ஐ ஒட்டி, டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த பெரிய கட்டடத்துக்குக் கடை குடிபோகிறது. இந்தோ-சாரசெனிக் பாணி. எழும்பூர் ஸ்டேஷனையும் ஹைகோர்ட்டையும் பார்த்திருப்பீர்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டடம். 1897-ல் ஸ்பென்சர் லிமிடெட் கம்பெனி ஆகிறது.

உள்ளே என்ன கிடைத்தது? கேட்டால் வியப்பாக இருக்கும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஒயினிலிருந்து டப்பாவில் அடைத்த உணவு வரைக்கும். ஆனால் ஸ்பென்சர் வெறும் கடை இல்லை. ரயில்வே ஸ்டேஷன்களில் சாப்பாட்டு அறை நடத்தினார்கள். சொந்தமாக சோடா தயாரித்தார்கள். பெங்களூரில் இன்றைக்கும் ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் எண்ட் ஹோட்டல் பல பத்தாண்டுகள் ஸ்பென்சர் கையில்தான் இருந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மதராஸில் ரயிலேறி, வழியில் சாப்பிட்டு, பெங்களூரில் போய்த் தூங்கி எழுவது வரைக்கும் ஒரே கம்பெனியின் கவனிப்பில் பயணம் செய்திருக்கலாம்.

அவர் வாயில் புகைந்த சுருட்டும் ஸ்பென்சருடையதாக இருந்திருக்கலாம். திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து மண்ணில் விளைந்த புகையிலையை அந்தப் பக்கத்து மக்கள் கையால் சுருட்டிப் பெட்டியில் அடுக்கினார்கள். அந்தப் பெட்டிகள் மவுண்ட் ரோட்டின் கண்ணாடி அலமாரிக்கும் கடல் தாண்டியும் போயின.

இங்கேதான் எனக்கு அம்மா ஞாபகம். திண்டுக்கல்லில் சுருட்டு சுற்றிய ஒருவர், ஒரு நாள் மதராஸ் வந்து, அந்தக் கட்டடத்துக்குள் போய், தான் செய்ததை அலமாரியில் பார்த்திருப்பாரா? வாசலில் "வராதே" என்று எழுதிப்போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அந்தக் கடை யாருக்காகக் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்கள், ஜமீன்தார்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள், பெரிய வக்கீல்கள். பாரிஸிலிருந்து கடையின் வடிவம் வந்துவிட்டது. சும்மா பார்க்கும் உரிமை மட்டும் கப்பல் ஏறவில்லை.

மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் தனியாகவும் இல்லை. ஒயிட்அவே லெய்ட்லா என்று இன்னொரு பெரிய கடை இருந்தது. அங்கே கடன் கிடையாது, ரொக்கம்தான். அதனாலேயே கம்பெனி பெயரை 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று கிண்டலாகத் திரித்துச் சொல்வார்கள். அந்தக் கடை மூடியபின் கட்டடம் சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போனது, பிறகு வி.ஜி.பி.க்கு. இன்றைக்கும் விக்டரி ஹவுஸ் என்று நிற்கிறது. தவணை முறையில் ஃபேனும் டிவியும் விற்றுப் பெயர் வாங்கிய வி.ஜி.பி., ரொக்கம் தவிர வேறு பேச்சே இல்லாத கடையின் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பு பண்ணும்.

ஸ்பென்சர் கட்டடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1983-ல் தீ. கட்டடம் போய்விட்டது.

இதுதான் முதல் சாவு. பழைய சென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் துக்கப்படுவது இதற்காகத்தான். கோபுரம் போன்ற அதன் முகப்புப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அந்தத் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படி ஒரு கட்டடத்தை இனி யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அது என் வீட்டுத் துக்கமாகத் தெரியவில்லை. என் தாத்தா அதன் வாசலைக் கடந்திருக்க மாட்டார்.

எனக்குத் தெரிந்த ஸ்பென்சர் அதற்குப் பிறகு வந்தது. 1985-ல் அதே இடத்தில் புதிய கட்டட வேலை தொடங்கி, 1991-ல் ஸ்பென்சர் பிளாசா திறந்தது. இந்தியாவின் ஆரம்பகால மால்களில் ஒன்று. ஸ்பென்சர் கம்பெனி 1989-ல் ஆர்.பி.ஜி. குழுமத்துக்குக் கைமாறியிருந்தது. அவர்கள் 1996-ல் 'ஃபுட்வேர்ல்டு' என்ற சூப்பர்மார்க்கெட்டைத் தொடங்கினார்கள். கூடையை நாமே எடுத்து, சாமானை நாமே அலமாரியிலிருந்து எடுக்கும் பழக்கம் சென்னை, பெங்களூர் நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய அளவில் வந்தது அதிலிருந்துதான்.

1999-ல் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போனோம். எனக்கு ஆறு வயசு. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சித்தப்பா எங்களை ஸ்பென்சர் பிளாசாவுக்குக் கூட்டிட்டுப் போனார். உள்ளே ஏசி காத்து. நடுவுல எஸ்கலேட்டர். அம்மா அதுக்கு முன்னாடி எஸ்கலேட்டரையே பார்த்ததில்லை. புடவையை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு, மூணு தடவை கால் வச்சு மூணு தடவையும் எடுத்துட்டாங்க. பின்னாடி நின்ன ஒரு காலேஜ் பொண்ணு, "ஆன்ட்டி, கோட்டைப் பார்க்காதீங்க, நேரா பார்த்து ஏறுங்க"ன்னு சொல்லிக் கையைக் கொடுத்தாங்க.

மேல போனோம், கீழ வந்தோம், மறுபடி மேல போனோம். கைவினைப் பொருள் கடை, டிஷர்ட் கடை, லேண்ட்மார்க்ல புத்தகம், மியூசிக் வேர்ல்டுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பாட்டு. ரெண்டு மணி நேரம் சுத்திட்டு எனக்கு ஒரு ஐஸ்கிரீம் மட்டும் வாங்கினோம். வெளியில வந்ததும் அம்மா சொன்னாங்க: "யாரும் ஒண்ணுமே கேக்கலை பாரு."

எனக்கு அப்போ அது புரியலை. வாட்ச் கடைக் கதையைப் பெரியவளானதுக்கு அப்புறம் கேட்டபோதுதான் புரிஞ்சது.

ஸ்பென்சர் பிளாசாவை அழகான கட்டடம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உள்ளே வழி தெரியாது, மூணு ஃபேஸ், ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல வெளிய வருவோம். நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள், அதில் பாதிக்கு மேல பேரம் உண்டு. பழைய ஸ்பென்சர் ரசிகர்களுக்கு அது சந்தைக்கடை. ஆனால் 1852-ல் பாரிஸில் சொல்லப்பட்ட அந்த விஷயம் மவுண்ட் ரோட்டின் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1991-ல்தான். கல்லூரிப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், எங்க அம்மா என்று எல்லோரும் உள்ளே வந்து சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள்.

ரெண்டாவது சாவுக்குத் தீ தேவைப்படவில்லை. 2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்று புது மால்கள் வந்தன. கூட்டம் அங்கே நகர்ந்தது. அப்புறம் போனிலேயே கடை வந்துவிட்டது. லேண்ட்மார்க் போனது, மியூசிக் வேர்ல்டு போனது. போன வருஷம் நான் போனபோது, இறக்கிய ஷட்டர்கள்தான் நிறைய கண்ணில் பட்டன. அம்மா ஏறத் தயங்கிய அந்த எஸ்கலேட்டர் எதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியலை.

பெங்களூர்லயும் எங்களுக்கு அப்படி ஒண்ணு உண்டு. பழைய ஏர்போர்ட் ரோட்டுல கோட்டை மாதிரியே கட்டின கெம்ப் ஃபோர்ட். ஓசூர்ப் பிள்ளைங்களுக்கு அது சொர்க்கம். அந்தக் கடையும் இப்போ இல்லை. பின்னாடி இருந்த பெரிய சிவன் சிலை மட்டும் இருக்கு. கோயிலுக்குப் போற கூட்டத்துல எத்தனை பேருக்கு முன்னாடி இருந்த பொம்மைக் கடை ஞாபகம் இருக்கும்னு தெரியலை.

முதல் ஸ்பென்சருக்குப் படங்கள் இருக்கு, புத்தகங்கள் இருக்கு, அதை நினைச்சு ஏங்குறவங்க இருக்காங்க. ரெண்டாவது ஸ்பென்சருக்கு யாரும் இன்னும் பெரிசா அஞ்சலி எழுதலை. அங்கே சுத்தினவங்க நம்மள மாதிரி ஆளுங்க. நாம எழுதலைன்னா அது பதிவாகாது. அதனாலதான் இந்த எபிசோடு.

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். ஓசூர்ல 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கினதுக்கு அப்புறம், எங்க ஊர்ல வாட்ச் செய்யாத தெருவே இல்லைங்கற மாதிரி ஆச்சு. எங்க அம்மா ரிட்டயர் ஆனப்போ நான் அவங்களுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அதே பெங்களூர் ரோட்டுக்குத்தான் போனோம். சேல்ஸ் பொண்ணு ஆறு வாட்சை ட்ரேயில வச்சு நீட்டினாங்க. அம்மா ஒவ்வொண்ணா எடுத்து, கட்டிப் பார்க்காம, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு முள்ளைப் பார்த்தாங்க. பன்னிரண்டு மணிக்கு ரெண்டு முள்ளும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு விழுதான்னு திருகிப் பார்த்தாங்க. சேல்ஸ் பொண்ணு, "என்ன மேடம் பார்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

"சும்மாதான்மா"ன்னாங்க அம்மா.

இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க அம்மா, அப்பா, பாட்டிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வாங்கக் காசில்லாம, சும்மா பார்க்க முதல் முதலா நுழைஞ்ச பெரிய கடை எது, உள்ளே விட்டாங்களா? பதிலை வாய்ஸ் நோட்டா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.