வீதிக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்தான். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கிவிட்டு, சம்பளத்தின் பெரும் பகுதியை அதற்கே தாரை வார்த்துக் கொண்டிருப்பவன். வார நாட்களில் அதில்தான் வேலைக்குப் போகிறான். வரும் ஏப்ரலில் அதே காரில் நுவரெலியாவுக்குச் சென்று, மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடிவிட்டு, அதே காரில் கொழும்புக்குத் திரும்ப வேண்டும் என்பது அவனது கனவு. அன்று ஒரு நண்பனின் வானில் நான்கு டயர்களையும் கொண்டு வந்திருந்தான்.

"மாமா, இது பந்தய டயர். ஆனால் வீதியிலும் ஓடலாமாம். பாருங்கோ, கொஞ்சமும் தேயவில்லை. விலையும் பாதிதான்" என்றான்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப்பீடத்தில் வரலாறு படித்து, பின்னர் பத்திரிகைக் காரியாலயங்களில் காலத்தைக் கழித்தவன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே அவனுக்கு விடை சொல்ல முற்பட்டேன். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஆண்டு 1845. ஆனால் அக்காலத்தில் இறப்பரின் விலை அதிகம். குதிரை வண்டிக்காரருக்கு அது தேவைப்படவுமில்லை. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லொப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அந்த டயர் பூட்டிய சைக்கிள் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வெற்றி பெற்றது. அதன் பின்னரே உலகம் டன்லொப்பைத் திரும்பிப் பார்த்தது. டயர் பிறந்த மறு வருடமே பந்தயத் திடலுக்குப் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். (அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், 1876 இல், பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டிருந்தன. இந்தக் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்குண்டு.)

1895 இல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் ஓட்டத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களுடன் ஒரு காரை ஓட்டினர். வழிநெடுகக் காற்றுப் போய், குறித்த நேரத்துக்குள் ஓட்டத்தை முடிக்க அவர்களால் இயலவில்லை. ஆயினும் காரும் காற்றில் ஓடலாம் என்பது உறுதியாயிற்று. அந்நாளில் பந்தயம் நடந்ததே பொது வீதியில்தான். வீதி டயர், பந்தய டயர் என்ற பேதத்துக்கு இடமிருக்கவில்லை. 1950களில்கூட ஜகுவார் நிறுவனம் தன் பந்தயக் கார்களை லு மான் பந்தயத்துக்கு வீதி வழியே ஓட்டிச் சென்றதுண்டு. என் மருமகனின் கனவு புதியதன்று.

பாதை பிரிந்தது எப்போது? 1946 இல் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1949 இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய டயர்களில் நூலிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடின. அவற்றின் மேல் உருக்குக் கம்பிப் பட்டி ஒன்று சுற்றப்பட்டது. பக்கச்சுவர் வளைந்து கொடுக்க, தரையைத் தொடும் பகுதி மட்டும் தட்டையாகத் தரையிலேயே நின்றது. தேய்மானம் குறைந்தது, பிடிமானம் கூடியது. இவ்வளவு நன்மைகள் இருந்தும் போர்முலா வன் பந்தயத்துக்கு ரேடியல் வந்தது 1977 இல், ரெனோ காரில். அதன் முதல் வெற்றி 1978 இல் பிரேசிலில், பெராரி ஓட்டிய கார்லோஸ் ரொய்ட்டமானுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ முப்பது வருடத் தாமதம்! காரணம் பிடிவாதம் மட்டுமன்று. பழைய டயர் வழுக்கப் போகிறது என்றால் சாரதிக்கு முன்கூட்டியே சொல்லும். மெல்ல மெல்ல நழுவும். ஆரம்ப கால ரேடியல் நெடுநேரம் இறுகப் பிடித்திருந்து, பின்னர் திடீரெனக் கைவிட்டது. எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் போலவே, எப்படிக் கைவிடுகிறது என்பதும் ஒரு டயரின் குணம். விளம்பரங்கள் முதலாவதை மட்டுமே பேசுகின்றன.

இதற்கிடையில் 1970களின் தொடக்கத்தில் போர்முலா வன் கார்கள் தவாளிப்பே இல்லாத மொட்டை டயர்களுக்கு மாறின. உலர்ந்த தரையில் தவாளிப்பு வீண். அந்த இடத்திலும் இறப்பர் இருந்தால் பிடிமானம் கூடும். மழை வந்தாலோ கதை வேறு. சக்கரத்தின் கீழிருந்து தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கார் நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். அதற்கென வேறு டயர் மாற்றிக்கொள்ளப் பந்தயக்காரனிடம் ஒரு குழு உண்டு. ரம்பொடை வளைவில் மழையில் அகப்பட்டவனுக்கு யார் உண்டு?

2005 ஜூன் 19 ஆம் திகதி இரவு நான் ஆசிரிய பீடத்தில் கடமையில் இருந்தேன். நள்ளிரவு கடந்து இன்டியானாபொலிஸிலிருந்து வந்த செய்தியைப் பார்த்த இளம் உதவி ஆசிரியர், "சேர், இருபது கார்களில் ஆறுதான் ஓடினதாம். செய்தியில் பிழை போல" என்றார். பிழையில்லை. பயிற்சியின்போது, சரிவாக உயர்ந்து செல்லும் பதின்மூன்றாம் வளைவில் ரால்ஃப் சூமாக்கரின் மிஷெலின் டயர் கைவிட்டு, கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் ஓடினால் பத்துச் சுற்றுகளுக்கு மேல் தமது டயர்களுக்கு உறுதி கூற முடியாது என்று நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு விதிப்படி பந்தய நடுவே வழக்கம்போல டயர் மாற்றவும் முடியாது. ஆகவே மிஷெலின் பூட்டிய பதினான்கு கார்களும் ஆயத்தச் சுற்றோடு ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு மட்டுமே ஓடின. நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். போர்முலா வன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதற் புள்ளிகள் அவை. தமிழர் என்பதால் அதையே தலைப்பாக்கினோம். உண்மையான செய்தி டயர்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன், அதே தளத்தில் ஓடும் இண்டி 500 கார்களுக்கு டயர் வழங்கி வந்தது. அந்தத் தரையை அது அறிந்திருந்தது. ரேடியலை உலகுக்குத் தந்த நிறுவனமே தவறியது அந்த ஒரு வளைவில்தான்.

மருமகன் கொண்டு வந்தவை இருதரப்புக்கும் பொதுவான பாதி மொட்டை வகை. மென்மையான இறப்பர், தவாளிப்புகள் குறைவு, ஆழமும் குறைவு. அமெரிக்க முறைப்படி பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 100 என்பது அளவுகோல். எண் குறையக் குறைய டயர் விரைவில் தேயும், பொதுவாகப் பிடிமானம் கூடும். அந்த எண்ணைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளரே என்பதால் நான் அதை வேதவாக்காகக் கொள்வதில்லை. இவ்வகை டயர் சூடேறினால்தான் தன் வேலையைச் செய்யும். நுவரெலியாவின் குளிர்ந்த காலையில், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் மலையேற்றத்தில், அது சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். கட்டுக்குருந்தைப் பழைய விமானத்தளம் போன்ற இடத்தில் வெயிலில் பல சுற்று ஓடினால் பேச்சு வேறு. அங்கும் ஒரு சிக்கல்: சூட்டில் காற்றழுத்தம் ஏறும், ஓடுபவர் காற்றைக் குறைப்பார், மாலையில் அதைத் திரும்ப நிரப்ப மறந்து அப்படியே வீடு நோக்கிப் புறப்படுவார்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகே குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 2213. அதாவது 2013 ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது வாரத்தில் செய்யப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலிருந்து இதுவே முறை. தேயவில்லை என்று அவன் சொன்னது உண்மைதான்; ஆனால் இறப்பர் நிழலில் கிடந்தாலும் மூப்படையும், இறுகும்.

அதே 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் போல் வோக்கர் பயணித்த போர்ஷ கரேரா ஜிடி கார் விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டிய நண்பரும் இறந்தனர். வேகமே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. ஆனால் அந்த டயர்கள் ஒன்பது வருடப் பழையவை என்பதையும், அது காரின் கையாளலைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அறிக்கை குறித்துவைத்தது. இதைச் சொன்னதும் அவன் சற்று நேரம் பேசவில்லை.

"அப்ப எதைப் போடச் சொல்றீங்கள், மாமா?"

"போறதுக்கும் வாறதுக்கும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், தம்பி. அதில் பாதி மழை. பந்தயம் ஓரிரு நிமிடம். மழையில் நல்ல பெயர் உள்ள வீதி டயரை, இந்த வருடம் செய்ததாகப் பார்த்து வாங்கு. இரண்டு விநாடி பிந்தினால் பிந்தட்டும்."

அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யோசிப்பதாகச் சொல்லிப் போனான். நான்கு டயர்களும் எங்கள் பின்வளவில் கிடக்கின்றன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, சுகாதாரப் பரிசோதகர் வருவதற்குள் அகற்றுங்கள் என்று மனைவி தினமும் நினைவூட்டுகிறாள்.