பால் பல் இடங்காப்புக் கருவியின் வரலாறு

குழந்தையின் பால் பல் உரிய காலத்திற்கு முன்பே விழுந்துவிட்டால், அந்த இடம் மூடிவிடாமல் பிடித்து வைக்கும் சிறு கருவியே இடங்காப்புக் கருவி. பல் மருத்துவமனைகளில் இதனை ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பர். 'எப்படியும் விழப்போகிற பல்தானே' என்ற எண்ணம் மாறிய பிறகே இதற்குத் தேவை பிறந்தது.

ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1771இல் வெளியிட்ட பற்கள் பற்றிய நூலில், தாடை பெரும்பாலும் பின்புறமாகவே வளர்ந்து கடைவாய்ப்பற்களுக்கு இடம் தருகிறது என்று காட்டினார். அப்படியானால், பால் பற்கள் நிற்கும் முன்பகுதியில் ஒருமுறை இழந்த இடத்தைத் தாடையின் வளர்ச்சி ஈடுசெய்யும் என்று நம்பியிருக்க முடியாது. 1899இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் பற்களின் கடிமுறையை வகைப்படுத்தியபோது, ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லையே அளவுகோலாகக் கொண்டார். சிக்கலும் இந்தப் பல்லிடம்தான். அதன் முன்னே நிற்கும் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் இயல்பாக விழுவது பத்து முதல் பன்னிரண்டு வயதில். அது முன்னதாகவே போய்விட்டால் பின்னிருக்கும் பல் முன்னோக்கி நகர்ந்துவிடும். பிறகு வரவேண்டிய பல் எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும் அல்லது வரிசை தவறி முளைக்கும்.

ஆறு வயதுப் பல் முளைக்கும் முன்பே இந்தப் பால் பல்லை இழந்த குழந்தைக்கு என்ன செய்வது? கருவி சாய்ந்து நிற்கப் பின்னால் பல்லே இல்லை. 1929இல் வில்லட் என்பவர் வார்ப்புத் தங்கத்தால் ஆன கருவி ஒன்றை விவரித்தார். அதன் தகடு ஈறுக்குள் இறங்கி, வெளியே தெரியாத பல்லுக்கு வழிகாட்டியது. துணிச்சலான யோசனைதான், ஈறைத் துளைத்து நிற்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது.

1947இல் ஹேய்ஸ் நான்ஸ் காக்க வேண்டிய இடத்தை மில்லிமீட்டரில் அளந்து சொன்னார். பால் கோரைப்பல்லும் இரு பால் கடைவாய்ப்பற்களும் சேர்ந்த அகலம், அவற்றுக்குப் பின் வரும் மூன்று பற்களின் அகலத்தைவிடக் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மி.மீ., மேல்தாடையில் 0.9 மி.மீ. கூடுதல். அண்ணத்தில் பொத்தான் போல அமரும் அவரது வளைவுக் கம்பி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் பால் பல்லை விடச் சிறந்த இடங்காப்புக் கருவி வேறில்லை. 1950இல் ஹம்ப்ரி அறிமுகப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு உறைகள், பிடுங்கப்பட்டிருக்கக்கூடிய பல பற்களைக் காப்பாற்றின. காப்பாற்ற முடியாதபோது இன்று பெரிதும் பயன்படுவது, பக்கத்துப் பல்லில் வளையமிட்டு அதிலிருந்து கம்பியை நீட்டும் எளிய வடிவமே. புதிய பல் முளைத்து வரும்போது அதைக் கழற்றிவிடுவார்கள்.